பட்டியல் பார்த்து ஜெயிப்பவர்களுக்கு

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் பதினேழு பேர். காலை ஆறு மணிக்கு முதலில் சாமி படம் வரும். அடுத்து மூட்டுவலிக்கு முடக்கத்தான் வைத்தியம். ஆறரைக்கு மேல் பச்சைக் கட்டமும் மஞ்சள் கட்டமும் வரிசையாக வந்து விழும். வேர்டில் விளையாட்டின் மதிப்பெண்கள். ஒருவர் மூன்றில் முடித்திருப்பார், இன்னொருவர் இரண்டில். கைதட்டும் படம், கட்டை விரல் படம், 'சூப்பர் சார்'.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் ஒரு வார்த்தை போட்டால், சரியான இடத்தில் இருக்கும் எழுத்து பச்சையாகும். வார்த்தையில் உண்டு, ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் சாம்பல். ஒரு நாளைக்கு ஒரே வார்த்தை, உலகத்துக்கே அதே வார்த்தை. அவ்வளவுதான்.

போன மாதம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பச்சைக் கட்டம் அனுப்புபவர்களில் பாதிப் பேர் யோசிப்பதே இல்லை. இன்டர்நெட்டில் இதற்கென்றே பக்கங்கள் இருக்கின்றன. 'ஐந்தெழுத்து, நடுவில் ஏ, கடைசியில் ஒய்' என்று கேட்டால் போதும், அந்த அடையாளத்துக்குப் பொருந்தும் அத்தனை வார்த்தைகளையும் கொட்டிவிடும். அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கிப் போடுவது, பச்சை வந்ததும் குழுவில் காலரைத் தூக்கிவிடுவது. இதற்கு ஒரு மூன்று, அதற்கு ஒரு கைதட்டல்.

இதை நான் எதிர்க்கிறேன். சும்மா முணுமுணுப்பாக அல்ல, காரணத்தோடு எதிர்க்கிறேன். குழுவில் சொன்னால் 'முசியேவுக்குக் கோபம் வந்துவிட்டது' என்று சிரிப்பீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் காரணம், இந்த விளையாட்டு பிறந்த விதம். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள்காரர் இதைச் செய்தது, வார்த்தை விளையாட்டில் பிரியமுள்ள தன் துணைவி பாலக் ஷாவுக்காக. தன் பெயரையே கொஞ்சம் திருகி விளையாட்டுக்கு வைத்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து வார்த்தைகள் சுமார் 12,000 இருக்கின்றன. அத்தனையும் போட்டால் யாருக்கும் விளங்காது என்று, அந்த அம்மாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தனக்குத் தெரிந்த வார்த்தை, தெரியாத வார்த்தை என்று பிரித்தார். கடைசியில் விடையாக வரத் தகுந்தவை என்று நின்றவை சுமார் 2,500. 2021 அக்டோபரில் ஊருக்குத் திறந்துவிட்டார்கள், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விலைக்கு வாங்கியது. அதன்பின் சில வார்த்தைகளை எடுத்தார்கள், சில சேர்த்தார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படையைக் கவனியுங்கள். விடை பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைதான். முப்பது வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதிய ஆளுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. இந்த விளையாட்டு உங்களிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. மண்டைக்குள் எங்கோ பரணில் கிடப்பதைத் தேடி எடுத்துவரச் சொல்கிறது. அந்தத் தேடல்தான் விளையாட்டு. பட்டியலைப் பார்க்கிறவர் தன் வீட்டுப் பரணில் இருக்கும் அண்டாவை எடுக்க ஏணி போடச் சோம்பல்பட்டு, அடுத்த வீட்டில் இரவல் கேட்கிறார்.

இரண்டாவது காரணம் என் சொந்த அனுபவம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் சேர்ந்தது. நாங்கள் சில பேர் அதற்குப் பிறகும் பிரெஞ்சிலேயே படித்து முடித்து, ஆங்கிலத்தில் ஓடும் அலுவலகத்துக்குள் போய் விழுந்தோம். வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம் எனக்கு மூன்று நாள் தற்செயல் விடுப்பு வேண்டியிருந்தது. பிரெஞ்சில் கேட்பதற்கு 'தெமாந்தே' என்று சொல்வோம், அது பணிவான வார்த்தைதான். அதே மாதிரி ஆங்கிலத்திலும் ஒன்று இருக்கிறதே என்று, 'மூன்று நாள் விடுப்பு டிமாண்ட் செய்கிறேன்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டார். "யாருய்யா நீ? மூணு மாசத்துல சங்கத் தலைவர் ஆயிட்டியா?"

எனக்கு என்ன தப்பு என்றே தெரியவில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆறு எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தன. வேர்டில் மாதிரி பார்த்தால் அத்தனையும் பச்சை. ஆனால் அர்த்தம் தலைகீழ். நான் கும்பிட்டுக் கேட்டதாக நினைத்தேன், காகிதத்தில் மேசையைத் தட்டிக் கேட்டிருந்தேன். நல்ல மனிதர், சிவப்பு மசியில் அடித்துச் சரியான வார்த்தையை மேலே எழுதி, விடுப்பும் கொடுத்தார். அன்றைக்கு ஒன்று புரிந்தது. எழுத்து தெரிந்தால் வார்த்தை தெரிந்ததாக ஆகாது.

அதன் பிறகுதான் ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் பிடித்துக்கொண்டேன். மதிய உணவு இடைவேளையில் ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் பென்சில். ஒரு நாளைக்கு நாலு கட்டம்கூட நிரம்பாது. மறுநாள் விடை வரும். ஒவ்வொரு விடையையும் அகராதியில் தேடுவேன். அகராதி கருணை உள்ளது, தேடிப் போன ஒன்றோடு அனுப்பாது. அர்த்தம் சொல்லும், எந்த ஊரிலிருந்து வந்த வார்த்தை என்று சொல்லும், பக்கத்து வீட்டு வார்த்தைகளையும் அறிமுகம் செய்து வைக்கும். இந்தப் பட்டியல் பக்கங்கள் அப்படியா? நீளம் என்ன, எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதோடு சரி. பெயர், ஊர், குலம் எதுவும் இல்லாமல் ஆட்களை உயரம் பார்த்து வரிசையில் நிறுத்திய மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 'கியூ எழுத்து உண்டு, பக்கத்தில் யூ கிடையாது, மொத்தம் ஐந்தெழுத்து' என்பது இந்தப் பக்கங்களில் பிரபலமான வகை. ஸ்கிராபிள் ஆடுபவர்கள் மனப்பாடம் செய்வார்கள், கியூவுக்குப் பத்துப் புள்ளி இருப்பதால். அதில் வரும் வார்த்தைகள் சில: ஃபகீர், தலாக், நிகாப், கனாத். நாலும் அரபு மொழியில் பிறந்தவை. ஃபகீரும் தலாக்கும் நிகாபும் நம் தெருவில் நமக்குத் தெரிந்தவை. கனாத் என்பது பாரசீகத்தில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை மைல்கணக்கில் சுரங்கம் வெட்டி ஊருக்குக் கொண்டுவரும் கால்வாய். ஆவியாகாமல் தண்ணீர் போய்ச்சேர அந்தக் காலத்து மனிதன் கண்ட உபாயம். ஆங்கிலேயன் இந்த வார்த்தைகளை அகராதியில் சேர்த்தபோது அந்தக் கியூவை அப்படியே விட்டுவைத்தான். பட்டியலுக்கு இதெல்லாம் தேவையில்லை. பட்டியலில் தலாக்குக்கும் கனாத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றுகிற வார்த்தையும் ஒரு ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற வார்த்தையும் ஒரே விலை.

சரி, ஆங்கிலத்தில் கியூ வந்தால் பின்னாலேயே யூ வருவது ஏன்? அதுவும் ஒரு குமாஸ்தாக் கதைதான். பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் வார்த்தைக்கு நாலே எழுத்து: சி, டபிள்யூ, இ, என். அப்போது உயிருள்ளது என்று பொருள் தந்த குவிக்குக்கும் நாலே எழுத்து: சி, டபிள்யூ, ஐ, சி. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களோடு பிரெஞ்சு வழக்கத்தில் எழுதிப் பழகிய எழுத்தர்கள் வந்தார்கள். சியும் டபிள்யூவும் அவர்கள் கைக்குப் பழக்கமில்லை. காலப்போக்கில் அந்த இடத்தில் கியூவையும் யூவையும் உட்கார வைத்துவிட்டார்கள். இன்றைக்குக் குவீனும் ஐந்தெழுத்து, குவிக்கும் ஐந்தெழுத்து. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கத்தைக் கொடுத்த பிரெஞ்சிலேயே சேவலுக்கும் ஐந்து என்ற எண்ணுக்கும் உள்ள வார்த்தைகள் யூ இல்லாமல் வெறும் கியூவில் முடிகின்றன. பள்ளியில் எங்களுக்கு அடி விழுந்த இடம் அது. ஒரு எழுத்தைத் தொட்டால் இவ்வளவு வருகிறது. பட்டியல்காரர்களே, இதையெல்லாம் வேண்டாம் என்றா ஒரு பச்சைக் கட்டம் வாங்குகிறீர்கள்?

இந்த இடத்தில் நம் குழுவின் சட்ட நிபுணர் எழுந்து நிற்பார் என்று தெரியும். "நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ன செய்தார்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன்.

நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்துக்காரர். ஸ்கிராபிளில் பல தடவை உலகச் சாம்பியன். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் கலந்துகொண்டு, பிரெஞ்சே பேசுகிறவர்களைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரம் பிரெஞ்சு வார்த்தைப் பட்டியலை உட்கார்ந்து மனதில் ஏற்றிக்கொண்டு போனார் என்று செய்தி வந்தது. 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே செய்தார். பிரெஞ்சுக்காகப் பள்ளியில் முழங்காலில் நின்ற என்னைப் போன்றவனுக்கு அந்தச் செய்தி வயிற்றெரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். சந்தைக்குப் போய் ஒரு ரொட்டி கேட்கத் தெரியாத மனிதர், எங்கள் மொழியில் உலகச் சாம்பியன்!

ஆனால் யோசித்துப் பார்த்தால் ரிச்சர்ட்ஸ் உங்கள் கட்சிக்குச் சாட்சி அல்ல, என் கட்சிக்கு. அவர் போட்டி மேசையில் போனை எடுத்துப் பார்க்கவில்லை. பட்டியலை உழைத்துத் தன் தலைக்குள் ஏற்றினார். எதிராளியும் அதே நிபந்தனையில் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சில் நான் புலவன் என்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. உழைப்பு அவருடையது, வெற்றியும் அவருடையது. நீங்கள் அனுப்பும் மூன்றுக்கு உழைத்தது யார்? பக்கத்தை உருவாக்கிய ஏதோ ஒரு கம்ப்யூட்டர். கைதட்டலை அதற்கு அனுப்பிவிடலாமா?

"விளையாட்டுதானே சார், விடுங்க" என்பது அடுத்த வாதம். எழுத்து விளையாட்டு அற்பம் என்று நினைப்பவர்களுக்கு ழோர்ழ் பெரெக்கைச் சொல்கிறேன். அவர் 1969-இல் ஒரு நாவல் வெளியிட்டார். சுமார் முந்நூறு பக்கம், பிரெஞ்சில் அதிகம் புழங்கும் 'இ' எழுத்து முதலிலிருந்து கடைசி வரை கிடையாது. வித்தை காட்டினார் என்றுதான் சிலர் நினைத்தார்கள். பெரெக்கின் அப்பா 1940-இல் போரில் செத்தார். அம்மாவை 1943-இல் நாஜிகள் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. பிரெஞ்சில் அப்பா, அம்மா என்ற இரண்டு வார்த்தைகளையும் அந்த எழுத்து இல்லாமல் எழுத முடியாது. விளையாட்டு அவ்வளவு தூரம் போகும், விளையாடுகிறவன் உண்மையாக விளையாடினால்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். நம் குழுவுக்கே வருகிறேன்.

நம்மில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் லேசான பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது. வார்த்தைதான் சிக்கும். 'அந்த... அது...' என்று கையால் காற்றில் தேடுவார். டாக்டர் பேசச் சொன்னார், படிக்கச் சொன்னார். பேரன் இந்த வேர்டிலைப் போனில் போட்டுக் கொடுத்தான். அவர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கு நிற்பார். சில நாள் ஐந்தில், சில நாள் ஆறில், பல நாள் தோல்வி. தோற்றாலும் மறைக்காமல் குழுவில் போடுவார். அப்புறம் பீச் ரோட்டில் நடக்கும்போது என்னிடம் அந்த வார்த்தையைப் பற்றித்தான் பேச்சு. எப்படி நழுவியது, எந்த இடத்தில் ஏமாந்தார், அந்த வார்த்தையைக் கோப்பில் எங்கே எழுதினார் என்று பேசுவார். பேசும்போது சிக்கல் குறையும். இது என் கண்ணால் பார்த்தது, மருத்துவம் நான் சொல்லவில்லை.

ஒரு தடவை விடை அமெரிக்க எழுத்தில் வந்தது. நாம் ஆறெழுத்தில் எழுதிப் பழகிய ஹியூமரை அவர்கள் யூ ஒன்றை விட்டு ஐந்தில் எழுதுவார்கள். 2022 பிப்ரவரியில் அந்த வார்த்தை விடையாக வந்தபோது பிரிட்டனில் பலர் கொதித்தார்கள் என்று நான் அவரிடம் சொன்னேன். "அப்ப நான் தோத்தது தப்பில்ல. நம்ம டிராஃப்ட்ல அப்படி எழுதினா மெமோ குடுப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வாக்கியத்தைத் தடங்கலே இல்லாமல் சொன்னார்.

ஆனால் குழுவில் என்ன நடந்தது? எல்லாரும் மூன்று, இவர் மட்டும் ஆறு அல்லது தோல்வி. "இன்னைக்கும் அவுட்டா சார்?" என்று ஒருவர். அழும் முகப் படம் ஒருவர். கெட்ட எண்ணம் இல்லை, தெரியும். கடைசியில் ஒரு புண்ணியவான் பரிதாபப்பட்டு, "எதுக்கு சார் கஷ்டப்படறீங்க, இதுல போட்டா வந்துடும்" என்று அந்தப் பட்டியல் பக்கத்தின் முகவரியை அனுப்பினார்.

மறுநாளிலிருந்து அவரும் மூன்று. எல்லாரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், அதை மறைக்கவில்லை. அந்த வாரம் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, "இன்னைக்கு என்ன வார்த்தை?" என்று கேட்டேன். யோசித்தார். கையைக் காற்றில் ஆட்டினார். வரவில்லை. "பட்டியல்ல இருந்துச்சு... போட்டேன்" என்றார். அது நாம் தினமும் சமையலறையில் புழங்கும் ஒரு சாமானின் பெயர். அன்று மீதி நேரம் முழுக்க அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கிறேன் என்று சொன்னது இதற்காகத்தான். பட்டியல் பார்த்தவர்கள் தங்களை மட்டும் ஏமாற்றிக்கொண்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பொய் மூன்றுகள் பதினாறு சேர்ந்து ஒரு நிஜமான ஆறைக் கேவலமாக்கிவிட்டன. வார்த்தையோடு மல்லுக்கட்டிய ஒரே மனிதரைத் தோற்றவர் ஆக்கினோம். அப்புறம் உதவி என்ற பெயரில் அந்த மல்லுக்கட்டலையும் பறித்துக்கொண்டோம்.

பழைய வழக்கத்தில் குறிப்பாகவே எழுதிவிடுகிறேன், குழுவின் பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும்.

ஒன்று: ஆறு முயற்சியும் முடிகிற வரை எந்தப் பட்டியலும் பார்ப்பதில்லை. காகிதமும் பென்சிலும் அனுமதி.

இரண்டு: தோற்ற பிறகு அகராதி பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஜெயித்தாலும் பார்க்கலாம்.

மூன்று: கட்டத்தோடு அந்த வார்த்தையைப் பற்றி ஒரு வரி எழுதவேண்டும், மற்றவர்கள் ஆடி முடித்த பின், மாலையில். எங்கே கேட்டது, யார் சொன்னது, எதற்கு எழுதியது என்று ஏதாவது. வரி எழுத முடியாதவர் கட்டம் அனுப்ப வேண்டாம்.

நான்கு: தோல்விக்கு அழும் முகம் அனுப்புவது இன்றோடு ரத்து.

நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போனை நடுவில் வைத்து இரண்டு பேருமாக ஆடினோம். முதல் வார்த்தையாக அவர் எப்போதும் போடுவது 'அடியூ'. உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்களாம், ஐந்தெழுத்தில் நாலு உயிரெழுத்து ஒரேயடியாகக் கிடைக்கிறது என்று. நான் தடுத்தேன். "அது எங்க மொழி வார்த்தை சார். கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரிவது. இனி பார்க்கப் போவதில்லை என்கிறபோது மட்டும் சொல்வோம். மற்ற நாளில் ஓ ருவார்தான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, வேறு ஒரு வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஆறிலும் வரவில்லை, தோற்றோம்.

குழுவில் போட்டிருக்கிறோம், பார்த்திருப்பீர்கள். மூன்றாவது விதிப்படி அதைப் பற்றிய வரியை அவரே சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். வரி கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.